படித்துக் காட்டக் கேட்டேன், சரி

ஏம்மா, அந்த ஜன்னல் பக்கத்தை எனக்குக் குடுக்குறீங்களா? காத்துக்காகக் கேக்கலை. இந்த வலது கை ஓரமாப் பத்திரமா இருக்கணும். இங்கிட்டு உக்காந்தா நிக்கிறவங்க பையி, கூடை, குடை எல்லாம் இடிச்சுக்கிட்டே வரும். ரொம்ப சந்தோசம்மா, நல்லா இருங்க.

வலிக்குமான்னா வலிக்காது. மரத்துப் போச்சு. வலிக்காம இருக்கிறதுதான் வம்பே. போன மாசம் தோசைக்கல்லுல கைய வச்சுக்கிட்டே பக்கத்து வீட்டுக்காரிகூடப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். கருகுற வாடை வந்தப்புறந்தான் குனிஞ்சு பாக்குறேன். அட, சும்மா பாருங்கம்மா, கூச்சப்படாதீங்க. எல்லாரும் மொதல்ல ஒருக்கா நல்லாப் பாத்துரணும். அப்பத்தான் அப்புறம் என் மூஞ்சியப் பாத்துப் பேச வரும். மூணு விரல் போச்சு. கட்டைவிரலும் ஆள்காட்டியும் இருக்கு. அது போதும், சோறு பிசையலாம், தலை சீவலாம், துணி பிழியத்தான் கொஞ்சம் சிரமம்.

மில்லுலதான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லு. பேரு வேண்டாம், விடுங்க. என் பேரா? பாப்பாத்தி.

மதுரைக்குத்தான் போறேன். ஆரப்பாளையத்துல எம்மக வந்து நிப்பா. வினோதினி. லா காலேஜ்ல அஞ்சாம் வருஷம், இதான் கடைசி வருஷம். இன்னைக்கு எங்க கேசு லேபர் கோர்ட்டுல வருது. நான் கூண்டுல ஏறிச் சொல்லணும். எத்தனையோ கேப்பாங்களாம். ஆனா அதுல ஒரே ஒரு கேள்விதான் கேள்வியாம், மத்ததெல்லாம் சும்மாவாம். எம்மக சொல்லித்தான் விட்டிருக்கா. அந்தக் கேள்விய நான் உங்ககிட்ட இப்பவே சொன்னா ஒண்ணும் புரியாது. மொதல்ல இருந்து வரணும்.

பாத்தீங்களா, நீங்களும் அதையே கேட்டுட்டீங்க! பொம்பளப் புள்ளைய எதுக்கு லாவுக்கு விட்டீங்கன்னு. கேக்காத ஆளே கிடையாதும்மா. கடைசியா ரேசன் கடையில கூடக் கேட்டாங்க. முதல் பட்டதாரி சர்ட்டிபிகேட் வாங்க நானும் அவளும் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்தோம். அப்பன் படிக்கலை, ஆத்தா படிக்கலை, அவங்களைப் பெத்தவங்க படிக்கலை, இந்தப் புள்ளைதான் எங்க வம்சத்துலயே டிகிரிக்குப் போகுதுன்னு எழுதிக் குடுக்கணும். அங்க சீட்டுல இருந்த அம்மா என்னைய ஏற இறங்கப் பாத்துச்சு. "யாருமே படிக்கலையா உங்க வீட்டுல?"ன்னுச்சு. படிக்கலைன்னுதானே சர்ட்டிபிகேட்டுக்கு வந்து நிக்கிறோம்! அப்புறம் கேக்குது, "நர்சிங் சேக்கலாம்ல, எதுக்கும்மா லா?"ன்னு.

நானும் நர்சிங்தான் நினைச்சிருந்தேன், பொய் சொல்லலை. அவளும் பத்தாவதுலேருந்து நர்சு, நர்சுன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. பன்னெண்டாவது படிக்கையில தை மாசம் வரைக்கும் நர்சு. தை மாசத்துல எனக்குக் கை போச்சு. மாசியில கேட்டா லாங்குறா. அவ்வளவுதான் கதை. ஆனா அதுக்கு நடுவுல என்ன நடந்துச்சுங்கிறதுல எனக்கும் அவளுக்கும் இன்னை வரைக்கும் ஒத்து வரலை. நான் ஒரு காரணம் சொல்றேன், அவ ஒரு காரணம் சொல்றா. நீங்க படிச்சவங்களாத் தெரியுறீங்க, நீங்களே சொல்லுங்க யாரு சொல்றது சரின்னு.

மில்லுல நான் நின்ன மிஷினுக்கு ஒரு மூடி உண்டும்மா. உள்ள பல்லு வச்ச உருளை சுத்தும், அதை மூடியிருக்கும். தீவாளிக்கு முந்தியே மூடியக் கழட்டி ஓரமா வச்சுட்டாங்க. மூடி இருந்தா ஒவ்வொரு தடவையும் மிஷினை நிறுத்தித்தான் கழிவுப் பஞ்சை எடுக்கணும். நிறுத்துனா உருப்படி குறையும். அதனால ஓட ஓட எடுக்கிறது. எல்லாரும் அப்படித்தான் எடுத்தோம், நான் மட்டுமில்ல. நான் ஒருக்கா சூப்பர்வைசர்கிட்டக் கேட்டேன், "சார், மூடி எங்க சார்?"ன்னு. தனசேகர் சாருன்னு பேரு. "உன் வேலையப் பாரு பாப்பாத்தி"ன்னாரு. நானும் என் வேலையப் பாத்தேன்.

பொங்கல் முடிஞ்சு வந்த செவ்வாக்கிழமை, காலை ஷிப்டு. கைய இழுத்துச்சு. அவ்வளவுதாம்மா, அதுல சொல்ல ஒண்ணுமில்ல. நான் சத்தம்கூடப் போடலையாம். பக்கத்து மிஷின்காரிதான் கத்தினாளாம். நான் பஞ்சையே பாத்துக்கிட்டு நின்னேன். வெள்ளையா வந்துக்கிட்டு இருந்தது இப்ப ஏன் செவப்பா வருதுன்னு யோசிச்சது மட்டும் நெனப்பு இருக்கு.

கொடைரோடு டோல்கேட்டு வந்துருச்சா? அதுக்குள்ளயா? சரி, கேளுங்க.

தனசேகர் சாருதான் வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாரு. மில்லு ஆளுங்க வழக்கமாப் போற ஆஸ்பத்திரி. பெஞ்சுல உக்கார வச்சுட்டு அங்கிட்டும் இங்கிட்டும் போனாரு, போனுல பேசினாரு. வந்து சொன்னாரு, "பாப்பாத்தி, மில்லுக்கு ஒரு லெட்டர் குடுத்தாத்தான் செலவுக்கு மில்லு கையெழுத்துப் போடும், அப்பத்தான் இவங்க உள்ள எடுப்பாங்க"ன்னு. எனக்கு எழுத வராதேன்னேன். அப்ப அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? பைக்ல ஆளை அனுப்பிப் பள்ளிக்கூடத்துலேருந்து எம்மகளையே கூட்டியாந்துட்டாரு! அவரே எழுதியிருக்கலாம், எம்.ஏ. படிச்சவரு. "உன் மகளே எழுதட்டும் பாப்பாத்தி, அதுதான் உனக்கு மரியாதை"ன்னாரு. யாரு சொல்லுவா சொல்லுங்க, அந்த நேரத்துல?

வந்தா. யூனிபார்ம்ல வந்தா. என் கையில துணியைச் சுத்தி வச்சிருந்தாங்க, அதைப் பாத்தா, அழலை. பரீட்சை அட்டையை மடியில வச்சுக்கிட்டு அந்தப் பெஞ்சுலயே உக்காந்தா. அவரு சொல்லச் சொல்ல எழுதுறா. அம்மா, நீங்க பாத்திருக்கணும்! நிறுத்தி நிறுத்தி யோசிக்கிறது கிடையாது, அடிச்சுத் திருத்துறது கிடையாது. ஒரு பெரிய மனுஷன் சொல்றாரு, எம்மக எழுதுறா. ஆஸ்பத்திரியில போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாக்குறாங்க. எங்க வீட்டுல ஒருத்தி எழுதி நாலு பேரு நின்னு பாத்தது அன்னைக்குத்தான் மொதத் தடவை.

நடுவுல ஒரு இடத்துல மட்டும் பேனா நின்னுச்சு. "சார், மூடியக் கழட்டினது எங்கம்மாவா?"ன்னு கேட்டா. "அதெல்லாம் ஒரு முறைக்கு எழுதுறதும்மா. சீக்கிரம் எழுது, அம்மாவுக்கு ரத்தம் போகுது பாரு"ன்னாரு. போய்க்கிட்டுத்தானே இருந்துச்சு? எழுதிட்டா.

அப்புறம் கடைசி வரி. 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி'ன்னு ஒரு வரி உண்டாம்ல, எழுதத் தெரியாதவங்க ரேகை வைக்கிற தாள்ல எல்லாம் அது இருக்கணுமாம். அதையும் அவரு சொல்ல அவ எழுதினா. எழுதிட்டு என்னையப் பாத்தா. "அம்மா, படிச்சுக் காட்டட்டுமா?"ன்னு கேட்டா. கேட்டாம்மா. அவ கேக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். நான்தான் வேண்டாம்னு தலைய ஆட்டினேன். பெத்த புள்ளை எழுதினதைப் படி, கேப்போம்னு சொன்னா என்ன அர்த்தம்? உன் மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். அதுவும் தனசேகர் சாரு முன்னாடி, அத்தனை சனத்துக்கு முன்னாடி. நான் இடது கைப் பெருவிரலை நீட்டுனேன். மை தடவி அவளேதான் என் விரலைப் பிடிச்சு அமுக்குனா.

அந்தத் தாளைக் குடுத்து ரெண்டு நிமிசம் ஆகலை, ஸ்டெச்சர் வந்துருச்சு. எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு பாருங்க! முக்கா மணி நேரமா ஒரு நாயும் எட்டிப் பாக்கலை, எம்மக எழுதின தாளு போச்சு, டாக்டரு ஓடி வாராரு. தனசேகர் சாரு ஸ்டெச்சர் பக்கத்துல வந்துக்கிட்டே சொன்னாரு, "எழுத்து முத்து முத்தா இருக்கு பாப்பாத்தி, உன் மகளை வக்கீலுக்குப் படிக்க வை"ன்னு. மயக்க ஊசி போடுறதுக்கு முன்னாடி என் காதுல விழுந்த கடைசிப் பேச்சு அதுதான். முழிச்சப்ப மூணு விரல் இல்ல. எனக்கு ஒண்ணும் தோணலை. மகளை வக்கீலுக்குப் படிக்க வைக்கணும்னு மட்டும் தோணுச்சு. அவளும் மறு மாசம் லான்னு சொன்னப்ப, சரி, அவளுக்கும் அந்தப் பேச்சு மனசுல பதிஞ்சிருக்குன்னு நினைச்சேன். இதான் நான் சொல்ற காரணம்.

அவ சொல்றதைக் கேளுங்க. ஹாஸ்டலுக்கு உதவி பண்றோம்னு ஒரு டிரஸ்டுல கூப்பிட்டாங்க. மேசைக்கு அங்கிட்டு மூணு பேரு. புள்ளைகளை ஒவ்வொண்ணாக் கூப்பிட்டு, ஏன் சட்டம் படிக்கணும்னு கேக்குறாங்க. நான் கதவோரம் நிக்கிறேன். ஒருத்தன் ஏழை மக்களுக்குச் சேவை செய்வேங்கிறான். ஒருத்தி ஜட்ஜாவேங்கிறா. எல்லாம் கணக்கா மனப்பாடம் பண்ணி வந்திருக்குதுக. எம்மக முறை வருது. நின்னா. அப்புறம் சொல்றா, "நான் ஒரு லெட்டர் எழுதினேன் சார். அது செல்லாதுன்னு ஆக்கணும்"னு. வேற ஒரு வார்த்தை பேசலை. எனக்கு மானமே போச்சு. அவ்வளவு நல்லா எழுதின லெட்டரு, அதைப் போய்ச் செல்லாதுன்னு ஆக்கணுமாம்! ஆனா அந்த மூணு பேருல ஒரு வயசான அம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுச்சு. உதவியும் குடுத்துட்டாங்க. எதுக்குக் குடுத்தாங்கன்னு எனக்கு இன்னை வரைக்கும் விளங்கலை.

அன்னைக்கு பஸ்ஸுல வரும்போதுதான் சொன்னா, அந்த லெட்டர்ல என்ன எழுதியிருக்குன்னு. சூப்பர்வைசர் எச்சரிக்கை பண்ணியும் கேக்காம மூடிய நானே கழட்டிக் கைய விட்டேன்னு இருக்காம். "கவனக்குறைவுன்னு எழுதியிருந்தாக்கூட தப்பிச்சிருக்கலாம்மா, வேணும்னே மூடியக் கழட்டினா நஷ்டஈடு ஒண்ணுமே கேக்க முடியாது, அதுக்காகத்தான் அந்த வரியைச் சொன்னாரு அந்தாளு"ன்னா. "எழுதினா எழுதிட்டுப் போ. கை போனது போனதுதானே, மூடிய எவன் கழட்டினா என்ன?"ன்னேன். நெசமாவே எனக்கு ஒண்ணும் தோணலைம்மா. அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அதுக்கப்புறம் அவ போக்கே மாறிப்போச்சு. முன்னெல்லாம் எங்க காலனிக்கே அவதான் எழுதிக் குடுப்பா. பென்சன் மனு, கேஸ் கனெக்சன், பட்டா, எல்லாம். இப்பவும் லீவுக்கு வந்தா எழுதிக் குடுக்குறா, இல்லைங்கலை. ஆனா எழுதினதை மூணு தடவை படிச்சுக் காட்டுறா. அதோட விட்டாளா? "இப்ப நான் என்ன படிச்சேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க"ங்குறா. எழுபது வயசு கிழவன் திருதிருன்னு முழிக்கிறான். ஒரு பென்சன் மனுவுக்கு ஒரு மணி நேரம். "உன் மககிட்ட மனு எழுதுறதுக்குப் பதிலா பரீட்சையே எழுதிரலாம் பாப்பாத்தி"ன்னு ஊரே சிரிக்குது. நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறா.

தண்ணி குடிக்கிறீங்களா? எனக்கு மூடி திறக்க வராது, நீங்களே திறந்துக்குங்க.

ரெண்டாம் வருஷம் படிக்கையில எனக்குத் தெரியாமலே ஒரு மனு போட்டிருக்கா. ஒரு நாள் மத்தியானம் லேபர் ஆபீசரு வீட்டுக்கே வந்துட்டாரு. நல்ல மனுஷன். வெயில்ல வந்தாரு, மோரு குடுத்தேன், குடிச்சாரு. கையப் பாத்தாரு. அப்புறம் அந்த லெட்டரை எடுத்து வச்சுக்கிட்டு எங்கிட்டக் கேட்டாரு. "கடைசியில 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி'ன்னு இருக்கே, உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?"ன்னு.

இதாம்மா அந்தக் கேள்வி. இதைத்தான் இன்னைக்கும் கேக்கப் போறாங்க.

எம்மக தண்ணிக் குடத்துக்குப் பக்கத்துல நிக்கிறா. என்னையே பாக்குறா. எனக்கு ஒரு நொடியில புரிஞ்சுபோச்சு. இந்த ஆளு என்ன கேக்குறாரு? உன் மக படிச்சுக் காட்டாமலே படிச்சுக் காட்டினேன்னு பொய் எழுதினவளான்னு கேக்குறாரு. என் வீட்டுக்குள்ள வந்து, என் மோரைக் குடிச்சுட்டு, என் முன்னாடியே! எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வேகம். "ஏன் காட்டாம? ஒரு எழுத்து விடாமப் படிச்சுக் காட்டினா சார், எம்மக பொய் எழுத மாட்டா"ன்னேன். அவரு என்னையப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. எழுதிக்கிட்டாரு, ரேகை வாங்கிக்கிட்டாரு, போயிட்டாரு. மனு அதோட நின்னுபோச்சு.

நான் சாதிச்சுட்டேன்னு திரும்புறேன், அவ நின்ன இடத்துலயே தரையில உக்காந்திருக்கா. "ஏம்மா அப்படிச் சொன்ன?"ன்னா. "உன்னையக் காப்பாத்தத்தான்டி"ன்னேன். சிரிச்சா. அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முன்னாடி அவகிட்டப் பாத்ததில்ல. மறுநாள் ஹாஸ்டலுக்குப் போனவ தீவாளிக்கு வரலை, பொங்கலுக்கு வரலை. அவங்கப்பா போர்வெல் லாரியில வடக்கே போனவரு, வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு, அவரு வந்தப்பக்கூட வரலை. நான் அதிரசம் செஞ்சு எடுத்துக்கிட்டு ஹாஸ்டல் வாசல்ல போய் நின்னேன். வாங்கிக்கிட்டா. "சாப்டியாம்மா?"ன்னு கேட்டா. அதுக்கு மேல பேச்சில்ல. திரும்பி வரும்போது பஸ்ஸுல அழுதேன். கை போனதுக்கு அழாதவ அன்னைக்கு அழுதேன். எதுக்குக் கோவம்னு தெரிஞ்சாத்தானே சமாதானம் பண்ணலாம்?

வாடிப்பட்டி தாண்டிருச்சு போல. வெரசாச் சொல்லிடுறேன்.

போன வருஷம் ஒரு வக்கீலம்மாவைப் பிடிச்சு, இல்லாதவங்களுக்குச் சும்மாவே வாதாடுறவங்க, திரும்பவும் கேசு போட்டுட்டா. அப்புறந்தான் வீட்டுக்கு வந்து என் எதுக்க உக்காந்தா. என் இந்தக் கையத் தூக்கி அவ மடியில வச்சுக்கிட்டா. "அம்மா, எனக்குக் காசு பணம் எதுவும் வேணாம். மூடிய எங்கம்மா கழட்டலைன்னு ஒரு தாள்ல எழுதி, சீல் போட்டு வாங்கணும். அதுக்காகத்தான் நான் லாவுக்கே வந்தேன்"னா. சரிடின்னேன். "அதுக்கு நீ ஒண்ணே ஒண்ணு சொல்லணும். நான் உனக்குப் படிச்சுக் காட்டலைன்னு சொல்லணும்"னா. அப்படிச் சொன்னா உன்மேல தப்புன்னு ஆகுமேன்னு கேட்டேன். "ஆகட்டும்மா. என்மேல தப்புன்னு நீ சொல்லணும். அப்பத்தான் உன்மேல தப்பில்லைன்னு ஆகும்"னா.

கேட்டீங்களா பேச்சை? அஞ்சு வருஷம் லா படிச்ச புள்ளை பேசுற பேச்சா இது?

நான் தலைய ஆட்டினேன். என்ன பண்றது, திரும்பவும் பேசாம இருந்துட்டான்னா? அதுலேருந்து தெனமும் போன் போட்டுப் பழக்குறா. "அம்மா, உனக்கு லெட்டரைப் படிச்சுக் காட்டினாங்களா?" "காட்டலை." "யாரு எழுதினது?" "எம்மக." "நீ என்ன நினைச்சு ரேகை வச்ச?" "வச்சாத்தான் வைத்தியம் பாப்பாங்கன்னு நினைச்சு வச்சேன்." கிளிப்புள்ளையாட்டம் சொல்றேன். "சூப்பர்மா!"ன்னு சிரிக்கிறா. பழைய சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே ஒப்பிச்சுக்கிட்டு இருந்தேன்.

போன வியாழக்கிழமை தனசேகர் சாரு வீட்டுக்கு வந்தாரு. ஆமா, வீடு தேடிக்கிட்டு. இப்ப அவரு மேனேஜரு. ஆப்பிளு, ஆரஞ்சு எல்லாம் ஒரு பையில. அஞ்சு வருஷமா எட்டிப் பாக்காத மனுஷன் இப்ப எதுக்கு வந்தாருன்னு எனக்கும் ஒரு நிமிசம் தோணுச்சு, தோணாம இல்ல. தோணுச்சு, போயிருச்சு. எனக்கு இப்பல்லாம் எதுவும் மனசுல தங்குறதில்லம்மா. உக்காந்தாரு. "உன் மக எப்படிப் படிக்குது? நான் அன்னைக்கே சொன்னேன்ல?"ன்னாரு. மறக்காம வச்சிருக்காரு பாருங்க. அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னாரு. "பாப்பாத்தி, கோர்ட்டுல நீ படிச்சுக் காட்டலைன்னு சொன்னேன்னு வையி, உன் மக பொய்த் தாள் எழுதினவன்னு ரிக்கார்டு ஆயிரும். நாளைக்குப் படிப்பு முடிச்சு வக்கீலாப் பதியப் போகும்போது அதை எடுத்துப் போடுவாங்க. கருப்புக் கோட்டு கிடைக்காது. அந்தப் புள்ளைக்கு நல்லது நினைச்சுத்தான் சொல்றேன். அதுகிட்டச் சொல்லாத, சின்னப் புள்ளை, பயந்துரும்"னாரு.

இவ இதை யோசிச்சே பாக்கலை பாருங்க! படிச்சா மட்டும் போதுமா, முன்ன பின்ன யோசிக்க வேண்டாமா? அஞ்சு வருஷம் ஹாஸ்டல் சாப்பாட்டைத் தின்னு, லீவுக்கு வந்தாக்கூடப் புத்தகமும் கையுமா உக்காந்து, எங்க வம்சத்துலயே இல்லாத ஒரு படிப்பைப் படிச்சுட்டு, கடைசியில என் வாயால அது கெட்டுப்போகணுமா?

அவகிட்டச் சொல்லலை. சொன்னா, "பரவாயில்லம்மா, போகட்டும்"பா. அவளுக்கு அதுதானே பேச்சு. நேத்தும் போன்ல கேட்டா, "படிச்சுக் காட்டினாங்களா?"ன்னு. "காட்டலை"ன்னுதான் சொன்னேன். "சூப்பர்மா"ன்னா. சொல்லிட்டுப் போகட்டும், சந்தோசமாத் தூங்கட்டும். போன்ல சொல்றது வேற. கூண்டுல ஏறிட்டா அவ வந்து என் வாயைப் பொத்த முடியுமா?

என்னம்மா ஒரு மாதிரி பாக்குறீங்க? ஏமாத்துறாரா? தனசேகர் சாரா? சேச்சே, அப்படிச் சொல்லாதீங்க. நீங்க அவரைப் பாத்ததில்ல. அன்னைக்கு வேன்ல எந்தலையைத் தன் தோள்ல சாய்ச்சுக்கிட்டு வந்த மனுஷன் அவரு, சட்டையெல்லாம் ரத்தம். மில்லுக்காக ஒரு லெட்டர் வாங்கினாரு, அது அவரு வேலை. இது எம்மகளுக்காகச் சொல்றது.

இல்லம்மா, கேசு தோத்துப்போகும்னு எனக்கும் தெரியும். நான் ஒண்ணும் தெரியாதவ இல்ல. நான் 'காட்டினா'ன்னு சொன்னதும் அந்த வக்கீலம்மா ஃபைலை மூடி வச்சுரும். மூடிய நான்தான் கழட்டினேன்னு ஆயிரும். ஆனா ஆயிட்டுப் போகுது. எனக்கு அதுல ஒண்ணுமே இல்லம்மா. எனக்கு இனிமே யாரு வேலை குடுக்கப் போறா, எனக்கு யாரு சம்பந்தம் பேசப் போறா? அவ கொஞ்ச நாளைக்குக் கோவிச்சுக்குவா. இந்தத் தடவை ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. பேசாம இருந்தாலும் பரவாயில்ல, கோட்டைப் போட்டுக்கிட்டுப் பேசாம இருக்கட்டும். தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துருவேன்.

வேணாம்மா. நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க, எனக்குத் தெரியுது. உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா? ஒரு பையனா? அப்ப உங்களுக்கே தெரியும்.

இந்தா, ஆரப்பாளையம் வந்துருச்சு. அங்க பாருங்க, அந்தப் பழக்கடைக்குப் பக்கத்துல, வெள்ளைச் சுடிதார், கையில ஃபைலு, அதான் எம்மக. மெலிஞ்சுட்டா, பாருங்களேன். பஸ்ஸைப் பாத்துட்டா, கை காட்டுறா. எப்படிச் சிரிக்கிறா பாருங்க, பல்லெல்லாம் தெரிய.

கொஞ்சம் வழி விடுங்கம்மா, நான் இறங்கணும். நீங்களும் இங்கதான் இறங்குறீங்களா? இறங்குங்க, பாக்கணும்னா பாருங்க, பேசணும்னா பேசுங்க. ஆனா அவகிட்ட இதைச் சொல்லிராதீங்கம்மா, உங்க கால்ல விழுறேன். சொல்லிட்டீங்கன்னா கூண்டுல நின்னு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே அழுவா, நான் ஒரு வேளை மாத்திச் சொல்லிப்புடுவேன்.

எத்தனை பேரு கூடி நின்னு கேட்டா என்ன, பெத்த புள்ளைய நான் விட்டுக்குடுத்துருவேனாம்மா?